தண்ணீர் வருகிற இடம்

கம்பளத்தைத் தூக்கியதும் வந்த வாடையில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊறவைத்து மறந்துபோன துணி வாளியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. காருக்குள் சத்தம் கேட்காமல் இருப்பதற்காகக் கம்பளத்துக்கு அடியில் ஒரு பஞ்சுப் பட்டை போட்டிருப்பார்கள். அது தண்ணீர் குடித்துக் குடித்துப் பருத்துக் கிடந்தது. கையால் அழுத்தினால் விரலிடுக்கில் பழுப்பாகக் கொப்புளித்தது. புருஷனும் பெண்டாட்டியுமாக அதைத் துண்டு துண்டாக உரித்துப் பிழிந்து சுவர்மேல் காயப்போட்டார்கள். முன் இருக்கைகள் இரண்டையும் ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. யாரோ விருந்தாளிகளுக்குப் போட்டு வைத்த மாதிரி அவை வாசலில் எதிரெதிரே கிடந்தன.

அந்தக் காருக்கு அவர்கள் கல்யாணத்தைவிட வயது கொஞ்சம்தான் குறைவு. அளவுகோல் வைத்துக் கோடு போட்டுச் செய்தது போன்ற பெட்டி வண்டி. பின்சீட்டில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அதில்தான் அவர் தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வந்தார். தெருவில் அவருக்குப் பேர் ஹாரன். ஹாரன் அடிக்காமலே வண்டி ஓட்டுகிறவர் என்பதால் வந்த பேர் அது. குண்டாக இருப்பவனை ஒல்லி என்று கூப்பிடுகிற தெரு. முன்னால் யாராவது ஆடி அசைந்து போனால் பின்னாலேயே பொறுமையாக ஊர்ந்து போவாரே தவிரப் பொத்தானில் கை வைக்க மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் கொஞ்ச காலமாகத் திருப்பத்துக்குத் திருப்பம் அடிக்க ஆரம்பித்திருந்தார். இப்போதாவது வைத்த பேரைக் காப்பாற்றுகிறாரே என்று தெரு கேலி பேசியது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

சிரிப்பு நின்றது மழை தூறிய ஒரு காலையில். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். தெருமுனையில் துணி மூட்டையை இடுப்பில் இடுக்கியபடி ஓரமாக நின்றிருந்த தையல்காரரை வண்டி இடித்துச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. வலது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிற்று. உள்ளே கம்பி வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். இனிமேல் அந்தக் கால் மிஷின் மிதிக்குமா என்று கேட்டதற்கு, முதலில் நடக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கண்ணாடி உள்பக்கம் வேர்த்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை என்றார் அவர். நம்பாதவர் யாரும் இல்லை. காருக்குள் எங்கேயோ ஒழுகுவதும், தரை எப்போதும் சொதசொதவென்று இருப்பதும், மழைநாளில் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினால் கண்ணாடி பால் பூசியது போல ஆகிவிடுவதும் ஊருக்கே தெரியும். சட்டைக் கையால் அதைத் துடைக்காத பிள்ளை அந்த வண்டியில் இல்லை.

அவளும் எல்லோரிடமும் அதைத்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சொன்னாள், பிள்ளைகளின் தாய்தகப்பன்களிடம் சொன்னாள், தையல்காரரின் மனைவி தையலக்காவிடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்த வீட்டுத் துணிகளுக்குக் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் வருஷக்கணக்காக இவள்தான். அந்த வீட்டில் சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டியிருக்கிறது. தையலக்கா ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. வண்டி செய்த வேலைக்கு மனுஷனை என்ன சொல்வது என்றாள். அதைக் கேட்டதும் இவள், யாரும் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"ஒழுகுறத அடைச்சுட்டு எங்க வண்டிலயே அண்ணன வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றோம்க்கா. கட்டு மாத்தப் போக வரவும் எங்க வண்டிதான். பின்சீட்ல கால நீட்டிக்கிட்டு வரலாம்."

கம்பி வைத்த காலோடு வேறு எதிலும் ஏற முடியாது என்பதால் தையலக்காவுக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் ஒரு தடவை, வண்டி என்ன ஆச்சு என்று விசாரிப்பாள். விரட்டுகிற கேள்வி இல்லை அது. நம்பியிருக்கிறவள் கேட்பது.

டிங்கர் பட்டறைக்காரரை அவள்தான் போய்க் கூட்டிவந்தாள். எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் 'ச்சு' கொட்டிவிட்டுத்தான் கிட்டே போவார். இதற்கு இரண்டு கொட்டினார். தண்ணீர் நுழைவது ஓரிடம், தேங்குவது வேறிடம், ஆகவே தேங்கின இடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்றார். முதலில் எல்லாவற்றையும் கழற்றி ஈரத்தைச் சுத்தமாகக் காயவைக்க வேண்டும். தகடும் தகடும் சேர்கிற இடமெல்லாம் காய்ந்த மாவு ஏதாவது பூசிவிட வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். இன்னொருவர் வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் விட வேண்டும். பீய்ச்சக் கூடாது, மழை வழிகிற மாதிரி வழியவிட வேண்டும். கீழேயிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து எது எதென்று தெரியாமல் போகும். உள்ளே இருப்பவர் எப்போது வருகிறது என்கிறாரோ, அப்போது குழாய் இருக்கிற இடம்தான் ஓட்டை. கண்டுபிடித்துச் சொல்லுங்கள், அடைத்துத் தருகிறேன் என்று போய்விட்டார்.

மாவுக்கு அவள் எங்கும் போகவில்லை. துணியில் கோடு போடுகிற தையல் சாக்குக்கட்டி உடைந்து உடைந்து ஒரு டப்பா நிறைய வீட்டில் கிடந்தது. அதை அம்மியில் வைத்து மைபோல அரைத்துப் பழைய பிரஷ்ஷால் தடவினாள். கறுத்துக் கிடந்த உள்தகடு வெள்ளை வெளேரென்று ஆயிற்று. அவர் முன்பக்கம் தரையில் சுருண்டு படுத்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டார். அவள் குழாயைக் கதவின் அடியில் பிடித்தாள்.

"வருதா?"

"வரல."

கதவின் கண்ணாடி விளிம்புக்கு ஏற்றினாள். வரவில்லை. வைப்பருக்குக் கீழே சல்லடை மாதிரி இருக்கிற பள்ளத்தில் விட்டாள். அங்கே நிறைய நேரம் விடச் சொல்லியிருந்தார் டிங்கர். கை வலிக்கிற வரைக்கும் விட்டாள். வரவில்லை. முன்கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பருக்கு அடி ஓரம், பக்க ஓரம். வருதா, வரல. வருதா, வரல. இத்தனை வார்த்தை இரண்டு பேரும் பேசிக்கொண்டு எத்தனையோ மாசம் ஆயிற்று என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. விபத்துக்குப் பிறகு அவர் வாயைத் திறப்பதே சோறு போட்டால்தான். கண்ணாடியின் மேல் மூலைக்குக் குழாய் வந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வருது. வருது. கால் நனைஞ்சிடுச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தாள். தரையில் தண்ணீர் குளமாக நின்றது. சாக்குப்பொடியெல்லாம் கரைந்து கூழாகிவிட்டது. எங்கிருந்து என்று கேட்டால் மேலேயிருந்து என்று கையைக் காட்டினார். துடைத்து, காயவைத்து, மறுபடி பொடி பூசி, மறுபடி பார்த்தார்கள். மறுபடியும் அதே மேல் மூலைதான்.

டிங்கர் ஆள் கூட்டிவந்து முன்கண்ணாடியைப் பெயர்த்தெடுத்துப் புது ரப்பர் போட்டு, பசை வைத்து உட்காரவைத்தார். நகைக்கடைக்காரன் கல் பதிப்பது போல் அத்தனை நறுவிசாக இருந்தது வேலை. பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள் அவள். இனி பிள்ளைகள் ஏறலாம், அண்ணன் வீட்டுக்கு வரலாம் என்று மனசுக்குள் எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டாள். அடுத்த மழையில் தரை பழையபடி நனைந்தது.

அவர் பட்டறைக்கே போய்ச் சத்தம் போட்டார். போட்ட ரப்பர் லட்சணம் இதுதானா என்று கேட்டார். அவர் இப்படிக் கத்தி அவள் பார்த்ததில்லை. டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"உள்ள உக்காந்து பாத்தது நீங்க. மேலன்னு சொன்னீங்க, மேல செஞ்சேன். அந்த ரப்பர்ல ஒரு சொட்டு வந்தா நான் பட்டறைய மூடிடறேன்."

அவள்தான் இருவரையும் சமாதானப்படுத்தினாள். மறுநாள் தையல்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். சண்டைக்கு நேரமில்லை. இன்றைக்கே இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்று வீட்டுக்கு இழுத்துவந்தாள். பார்த்தால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சுருண்டு படுத்துப் படுத்து வந்தது. குனியவே முடியவில்லை. அப்படியானால் நான் உள்ளே போகிறேன், நீங்கள் தண்ணீர் விடுங்கள் என்றாள். உனக்கு என்ன தெரியும் என்றார். தண்ணீர் வருவதைப் பார்க்க ஒரு படிப்பா வேண்டும் என்று சொல்லிவிட்டுச் மறுபடி பொடி பூசி, சேலையைச் சொருகிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

கதவின் அடியில் விட்டார், வரவில்லை. கண்ணாடி விளிம்பில் விட்டார், வரவில்லை. வைப்பருக்குக் கீழே விட்டதுதான் தாமதம், டாஷ்போர்டுக்கு அடியில் மூலையில் தகடு சேர்கிற இடத்தில் வெள்ளைப் பொடிக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. நூல் மாதிரி இறங்கி, கயிறு மாதிரி ஆகி, கம்பளம் இருந்த இடத்தில் சொட்ட ஆரம்பித்தது. கண் இருக்கிற எவரும் பார்க்கலாம். வருகிறது என்று குரல் கொடுத்தாள். தகட்டில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்து முன்கண்ணாடிக்கு நேரே கையை ஆட்டினாள்.

அவர் கண்ணாடிக்கு வெளியே, கையெட்டும் தூரத்தில் நின்றார். தலை குழாயின் முனையைப் பார்த்துக் குனிந்திருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி அவள் கை ஆடிக்கொண்டிருந்தது. அவர் நிமிரவில்லை. விளையாடுகிறாரோ என்று நினைத்தாள். விளையாடுகிற முகம் இல்லை அது. கையை ஆட்டியபடியே மெதுவாகக் குழாய்ப் பக்கம் நகர்த்தினாள். குழாய் முனைக்குப் பின்னால் விரல்கள் வந்ததும் அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். என்ன என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். ஒன்றுமில்லை, விடுங்கள் என்று சைகை காட்டினாள். அடுத்து மறுபக்கம் நகர்ந்து அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினாள். அதற்கும் நிமிரவில்லை.

கை தானாகத் தாழ்ந்தது. தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. இதே இடத்தில்தான் அவள் கை வலிக்க வலிக்கத் தண்ணீர் விட்டாள். இதே தண்ணீர் இவர் முகத்துக்குப் பக்கத்திலேயே இறங்கியிருக்கிறது. வரல, வரல என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். தரை நிறைந்து கால் நனைந்த பிறகுதான் வருகிறது என்றிருக்கிறார். இறங்கிப்போய்க் குழாயை மூடினாள்.

வாசலில் கிடந்த கார் இருக்கைகளில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் இடுப்பைத் தடவிக்கொண்டே, எங்கே வருகிறது, கண்டுபிடித்தாயா என்று கேட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தன நாளா?" என்றாள்.

எது என்று அவர் கேட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருக்கலாம். கேட்கவில்லை.

"நேரா நல்லாத் தெரியுதும்மா. சத்தியமாத் தெரியுது. ஓரந்தான். ரெண்டு ஓரமும். குழாய் வழியா பாக்கிற மாதிரி இருக்கும்."

"பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஓட்டினீங்களே."

"அதனாலதான் ஹாரன் அடிச்சேன்."

எத்தனை பிள்ளைகள், எத்தனை காலை. டாக்டரிடம் போயிருக்கலாமே என்றாள். போனால் ஒரே வார்த்தையில் வண்டியை விட்டு இறக்கிவிட்டுவிடுவான், அப்புறம் நான் யார் என்று திருப்பிக் கேட்டார். அந்த ஹாரன் என்ற பேர்கூட மிஞ்சாதே என்றார். அன்றைக்குக் கண்ணாடி வேர்த்தது நிஜம்தான், அது பொய்யில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நிஜம்தான் என்று அவளுக்கும் தெரியும். அந்தப் பாதி நிஜத்தைத் தூக்கிக்கொண்டுதான் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறாள். கோபத்தில் அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அதே நேரம் ஒரு நீளக் குழாய்க்குள் தனியாக உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்ப்பது போல் பாவமாகவும் இருந்தது. எதைச் செய்வது என்று தெரியாமல் சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஒரு நாள்," என்றார் அவர். "கொடுத்த வாக்கு இருக்குல்ல. மெதுவாப் போவோம். நீ பக்கத்துல உக்காரு. ஓரத்துல ஆள் வந்தா நீ சொல்லு, நான் ஓட்டுறேன். அதுக்கப்புறம் நீ சொல்றபடி கேக்குறேன்."

அவள் எழுந்துபோய் டிங்கரைக் கூட்டிவந்தாள். அவர் மூலையைப் பார்த்ததும், தகடு சேர்கிற இடத்தில் பழைய பசை வெடித்திருக்கிறது, இது கீழே, நீங்கள் மேலே என்றீர்களே என்று ஒரு 'ச்சு' கொட்டினார். துருவைச் சுரண்டி, கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, புதுப் பசையை விரலால் அழுத்தி அழுத்தி நிரப்பினார். வைப்பர் பள்ளத்தில் அப்பியிருந்த இலைக்குப்பையை அள்ளினார். பசை இறுகிய பிறகு அவளே தண்ணீர் விட்டு, அவளே உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தாள். பொடி பொடியாகவே இருந்தது. டிங்கர் போகும்போது, இனிமேல் வண்டிமேல் பழி போட முடியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். புருஷனும் பெண்டாட்டியும் சிரிக்கவில்லை.

ராத்திரி அவள் தூங்கினாளா என்பது அவளுக்கே தெரியாது. ஒரு நாள்தானே என்று ஒரு மனசு சொன்னது. கூட உட்கார்ந்து ஓரத்தைப் பார்த்துச் சொன்னால் போயிற்று. வெளியே சொன்னால் ஊர் காறித் துப்பும், போலீஸ் வரும், இத்தனை நாள் நீயும் சேர்ந்துதானே சொன்னாய் என்று தையலக்கா கேட்பாள். அவரைக் கைவிட்ட மாதிரியும் ஆகும். விடிவதற்குள் ஒரு நாள்தானே என்ற மனசு ஜெயித்துவிட்டது. எழுந்து குளித்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு, அவருக்குச் சட்டை எடுத்துக்கொடுத்தாள்.

காலையில் தூறலாக இருந்தது. இருக்கைகளை மாட்டி, காய்ந்த கம்பளத்தை விரித்து, வண்டி கல்யாணத்துக்குப் போகிற மாதிரி தயாராக நின்றது. தையலக்கா குடையும் பையுமாக வந்து சேர்ந்தாள். பையில் தையல்காரருக்கு மாற்றுச் சட்டை, காலுக்கு அணை கொடுக்க ஒரு தலையணை. பின்சீட்டில் ஏறித் தலையணையை வைத்து, கால் எங்கே வரும், தலை எங்கே வரும் என்று கையால் அளந்து பார்த்தாள். துணியை அளக்கிற வீட்டுக்காரி. குனிந்து தரைக்கம்பளத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கையைப் புரட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"சொட்டு ஈரம் இல்ல. கண்ணாடியும் பளிச்சுன்னு இருக்கு," என்றாள். பிறகு கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத அன்னிக்கே அடைச்சிருந்தா அவரு கால் போயிருக்காது. பாரு, ஒரு விரல் பசைதான். எவ்வளவு சின்ன விஷயம். விடு, யாரக் குத்தம் சொல்ல."

அவர் சாவியோடு ஓட்டுகிற பக்கத்துக் கதவருகே வந்து நின்றார். அவள் மறுபக்கக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தாள். உட்கார்ந்தால் போதும். உட்கார முடியவில்லை. அந்த ஒரு விரல் பசையை நினைத்து நினைத்து இந்த மனுஷி ஆயுசு முழுக்க ஆதங்கப்பட்டுக்கொண்டே இருப்பாள், அதையும் நான்தான் இவள் கையில் கொடுத்தேன் என்று தோன்றியது. காலை வெளியே எடுத்தாள்.

"வண்டி சரியாயிடுச்சுக்கா," என்றாள். "அவருக்குத்தான் கண்ணு தெரியல."

தையலக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. இவள் மறுபடி சொன்னாள். ஓரமெல்லாம் தெரியாது, நேரே மட்டும்தான் தெரியும், ரொம்ப நாளாகவே அப்படித்தான், எனக்கே நேற்றுத்தான் தெரியும் என்று விட்டு விட்டுச் சொன்னாள். தையலக்கா அப்புறம் அவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"அன்னிக்குமா?"

தூறல் வண்டிக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். கண்ணாடி என்று ஆரம்பித்தார், நிறுத்திக்கொண்டார்.

"அன்னிக்கும்தான்," என்றார்.

தையலக்கா தலையணையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பையை எடுத்தாள். இறங்கும்போது குடை மாட்டிக்கொண்டது, அதைச் சத்தமில்லாமல் விடுவித்தாள். இவள் அக்கா என்று கூப்பிட்டாள். தையலக்கா வண்டியின் பின்னால் சுற்றிக்கொண்டு தெருப் பக்கம் நடந்தாள். அவருக்குப் பக்கவாட்டில் வந்ததும் கால் நகராமல் நின்றுவிட்டாள். தலையணை நனைந்துகொண்டிருந்தது. ஒரு கை தூரத்திலிருந்து அவர் முகத்தையே பார்த்தாள். திட்டப்போகிறாள், இல்லை அறையப்போகிறாள் என்று இவள் நினைத்தாள்.

அவர் சாவியைப் பார்த்துக் குனிந்திருந்தார். தெருவில் சத்தம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி மனைவியிடம் கேட்டார்.

"அவங்க போயிட்டாங்களா?"